செராகோட்டைக் கழற்றுவதா, மேலேயே அடிப்பதா? எஃகு, அனோடைஸ் அலுமினியம், பாலிமர் (விவாத இழை)

பட்டறைமேசை

மூன்று துப்பாக்கிப் பாகங்கள். மூன்றிலும் செராகோட் எச்-சீரீஸ் (செராமிக் தூள் கலந்து, அடுப்பில் சுட்டு இறுக்கும் பூச்சு) அடித்திருப்பதாகச் சொல்லித் தரப்பட்டது.

பிஸ்டல் ஸ்லைடு (குழலின் மேல் முன்பின் நகரும் உறை), கார்பன் எஃகு: முன் ஓரங்கள் தேய்ந்து உலோகம் தெரிகிறது. ரைஃபிள் ரிசீவர் (உள் இயக்கத்தைத் தாங்கும் உடல்), 7075-டி6 அலுமினியம், ஹார்டு அனோடைஸ் (மேலே வளர்த்த கடின ஆக்சைடு படலம்): பின் துளையைச் சுற்றி நகத்தளவு உரிந்து வருகிறது. பாலிமர் பிடி: பூச்சு நன்றாகவே இருக்கிறது, நிறம் மட்டும் மாற்ற வேண்டும்.

ஸ்லைடு ஒரு இரவு முழுக்க அசிட்டோனில் ஊறியும் பூச்சு அசையவில்லை. எதைக் கொண்டு கழற்றுவது? கழற்றாமல் மேலேயே அடித்தால் ஸ்லைடு தண்டவாளத்தில் இடைவெளி எவ்வளவு குறையும்? மூன்றுக்கும் ஒரே முறை போதுமா?

கருந்தகடு

ஒரே முறை போதாது. கழற்றும் வழியை முடிவு செய்வது பூச்சு அல்ல, அதன் அடியில் இருக்கும் பொருள். எஃகு தாங்குவதை அலுமினியம் தாங்காது, அலுமினியம் தாங்குவதைப் பாலிமர் தாங்காது.

முதலில் இது உண்மையிலேயே அடுப்பில் வெந்த செராகோட்தானா என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோனோ எம்இகேயோ (மெத்தில் எத்தில் கீட்டோன் கரைப்பான்) நனைத்து, மறைவான ஒரு இடத்தில் ஐம்பது முறை முன்னும் பின்னும் அழுத்தித் தேயுங்கள். ஒழுங்காக வெந்த எச்-சீரீஸ் துணியில் நிறம் விடாது. நிறம் ஏறினாலோ மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ ஒன்று அது அரைவேக்காடு, இல்லையென்றால் வேறு வகைப் பூச்சு. உங்கள் ஸ்லைடு இந்தத் தேர்வில் ஏற்கெனவே தேறிவிட்டது. ரிசீவரையும் பிடியையும் தனித்தனியாகப் பாருங்கள், மூன்றையும் ஒரே கை அடித்திருக்கும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று, பாலிமரில் தேய்க்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், எம்இகே பக்கமே போகாதீர்கள்.

அசிட்டோன் வெந்த பூச்சைக் கரைக்காது. ஆனால் அடித்து இன்னும் அடுப்பில் வைக்காத பூச்சை ஒரே துடைப்பில் எடுத்துவிடும். அடிக்கும்போது வழிந்துவிட்டதா, தூசி ஒட்டிவிட்டதா, அடுப்பில் சுடுவதற்கு முன்பே அசிட்டோனால் கழுவி மறுபடி அடியுங்கள். சுட்டபின் அந்த வசதி கிடையாது.

மணல்கூண்டு

ஸ்லைடுக்கு பிளாஸ்டிங்தான், அதாவது காற்றழுத்தத்தில் பரல் பீய்ச்சி எடுப்பது. 100 கிரிட் அலுமினியம் ஆக்சைடு (அலுமினா), முனையில் 80 முதல் 100 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 10–15 செ.மீ. தூரம், 45 முதல் 60 டிகிரி சாய்வு. கையை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. பூச்சு போய், பளபளப்பே இல்லாத ஒரே சீரான சாம்பல் நிறம் வந்தால் நிறுத்திவிடலாம். கார்னெட்டும் ஆகும்.

எது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மணி பூச்சை எடுத்தாலும் உலோகத்தைத் தட்டி மழுக்கிவிடும், புதுப் பூச்சு பிடிக்கப் பல் (சொரசொரப்பு) இருக்காது. வால்நட் ஓட்டுத்தூள் வெந்த செராகோட்டிடம் தோற்றுப்போகும். சோடா மெதுவானது, பல்லும் தராது, அதன் உப்பு மிச்சம் நின்றால் புதுப் பூச்சின் பிடிப்பையும் கெடுக்கும். ஆற்று மணல், கடல் மணல் எதையும் தொடவே வேண்டாம். சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வரும், வந்தால் திரும்பாது.

சின்ன கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கணும். டேங்க் மீட்டரில் 100 பிஎஸ்ஐ காட்டும், டிரிகரை அழுத்திய பத்து வினாடியில் முனையில் 50தான் இருக்கும். அப்போது பூச்சு போகாது, வெறுமனே மெருகேறும். நேரம் கூடும், ஓரம் உருளும். சின்ன முனை போடுங்கள், விட்டு விட்டு அடியுங்கள். தண்ணீர் பிரிப்பானைக் கம்ப்ரசர் வாயில் வைத்தால் பயனில்லை. காற்று குளிர்ந்தபின்தான் நீர் பிரியும், அதனால் குழாயின் கடைசியில் வையுங்கள்.

கருந்தகடு

இதற்கெல்லாம் முன்பு: மேகசீனைக் கழற்றி, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை அந்த அறையைவிட்டே அகற்றிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங், பின், எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், சைட் (குறிபார்க்கும் உறுப்பு) எல்லாம் வெளியே வரட்டும். இரவில் ஒளிரும் சைட்டுக்குள் டிரிட்டியம் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிங்கும் கூடாது, கரைப்பானும் கூடாது, அடுப்பும் கூடாது.

குழலையும் சேம்பரையும் சிலிக்கான் ரப்பர் அடைப்பால் மூடுங்கள். பிரீச் முகம் (தோட்டாவின் பின்பக்கம் அழுந்தும் முகம்), ஃபயரிங் பின் துளை, ஃபீட் ராம்ப் (தோட்டா ஏறும் சரிவு), மரைகள் ஆகியவற்றை மறைக்க வேண்டும். ஈய மிச்சமும் கரியும் இருக்கும் பாகத்தை அப்படியே பிளாஸ்டிங் கூண்டில் போட்டால் உங்கள் அலுமினா முழுக்க ஈயம் கலந்துவிடும், எண்ணெயும் ஏறிவிடும். எண்ணெய் ஏறிய அலுமினா அடுத்த பாகத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணெயைத் திணிக்கும். எனவே முதலில் சுத்தம், பிறகுதான் கூண்டு. பூச்சைக் கழற்றும் அலுமினாவும் கடைசிப் பல் போடும் அலுமினாவும் தனித்தனியாக இருப்பது நல்லது.

நீர்க்கோடு

வரிசை எண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எண், காலிபர் குறி, சோதனை முத்திரை எதுவானாலும் அதன் மேல் பிளாஸ்டிங் செய்யும்போது அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரே ஒரு முறை கடந்து போனால் போதும். லேசரில் ஆழமில்லாமல் பொறித்த எண்ணாக இருந்தால் முழுவதுமாக மறைத்துவிட்டு, அந்த இடத்துப் பழைய பூச்சை மர ஈர்க்குச்சியாலும் பெயின்ட் ரிமூவராலும் கையால் எடுங்கள். எண்ணைப் படிக்க முடியாமல் செய்வது குற்றம், வேலையில் நடந்த கைப்பிழை என்று சொல்லித் தப்ப முடியாது. வேலைக்கு முன்பே பக்கவாட்டு வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். புதுப் பூச்சும் எண்ணை நிரப்பிவிடக் கூடாது, அந்த இடத்தில் ஒரே மெல்லிய கோட்டோடு நிறுத்துங்கள்.

ரசக்குப்பி

பிளாஸ்டிங் மட்டும்தான் வழி என்பதை நான் ஏற்கவில்லை. ரிமூவர் போட்டு முக்கால்வாசியை எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் பிளாஸ்டிங் செய்தால் ஓரமும் எழுத்தும் கூராக நிற்கும். எஃகுக்கு இது நன்றாக ஒத்துவரும். ஜெல் வகை ரிமூவரைத் தடிமனாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி 20–30 நிமிடம் விடுங்கள். பூச்சு சுருங்கி எழும், பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளலாம். நிற்கும் இடத்தில் இன்னொரு முறை பூசுங்கள்.

வேகமானது மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர், ஆபத்தானதும் அதுதான். ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியலறைத் தொட்டி ரிமூவர் வேலையில் உயிர்போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் 2019 முதல் பொதுமக்களுக்கு இவ்வகைப் பெயின்ட் ரிமூவரைச் சில்லறையில் விற்கத் தடை இருக்கிறது. நைட்ரைல் கையுறையை இது சில நிமிடங்களில் ஊடுருவும். சாதாரண ஆர்கானிக் கார்ட்ரிட்ஜ் முகமூடியையும் இதற்கு நம்பக் கூடாது. பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாக வேலை செய்யும், மணிக்கணக்கில் மூடி வைக்க வேண்டும். செராகோட் முழுதாக வராமலும் போகலாம், ஆனால் வீட்டுப் பட்டறைக்கு அதுவே மேல்.

உலைவாய்

ரிமூவர் எஃகுக்கு ஒத்துவரும், ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அமிலம் கலந்த ரிமூவரை போல்ட், ஸ்பிரிங் போன்ற கடினமேற்றிய பாகங்களில் போடக் கூடாது. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து நொறுங்கும் தன்மையைக் கொடுக்கும், வெளியே எதுவும் தெரியாது. இரண்டாவது, மிச்ச ரிமூவர் டவ்டெயில் (சைட் செருகும் சரிவுப் பள்ளம்) மூலையிலும் பின் துளையிலும் ஒளிந்திருந்து, சுடும்போது வெளியே வந்து புதுப் பூச்சைத் தூக்கும். ரசக்குப்பி சொன்ன முறையில் செய்பவர்கள் கழுவுவதற்குக் கொடுக்கும் நேரம் சுரண்டுவதற்குக் கொடுப்பதைவிட அதிகமாக இருக்கட்டும்.

அலுமினியத்துக்கு வருகிறேன். காஸ்டிக் கலந்த எதுவும் கூடாது. அடுப்பு சுத்தம் செய்யும் நுரையும் பெரும்பாலும் காஸ்டிக்தான். அது அனோடைஸ் படலத்தைத் தின்றுவிட்டு, அடியில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கத் தொடங்கும்.

டார்ச்சாலோ அதிக வெப்பத்தாலோ எரித்து எடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 7075-டி6ல் டி6 என்பதே சுமார் 120 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்துப் பெறும் வலிமை. 121 டிகிரியில் இரண்டு மணி நேரம் பூச்சு சுடுவது அதைப் பாதிக்காததற்குக் காரணம் இதுதான். 200 டிகிரியைத் தாண்டினால் அந்த வலிமை சரசரவென இறங்கும், பார்வைக்கு ரிசீவர் அப்படியே இருக்கும். எரித்து எடுத்த ரிசீவரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இரட்டைக் குழல் ஷாட்கன்களில் குழல்களை இணைக்கும் பட்டை மென்பற்றாசில் நிற்பதாக இருந்தால் அதுவும் 183 டிகிரி சுற்றிலேயே இளகத் தொடங்கும்.

பட்டறைமேசை

அப்படியானால் ரிசீவரில் பிளாஸ்டிங் செய்தால் அனோடைஸ் போகாதா? அதன் தடிமன் எவ்வளவு இருக்கும்?

உலைவாய்

ஹார்டு அனோடைஸ் 50 மைக்ரான் சுற்றி இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள், பாதி வெளியே. எஃகுக்குச் சொன்ன 80–100 பிஎஸ்ஐயை இங்கே காட்டினால் பூச்சோடு அதையும் ஓரங்களில் அறுத்துவிடுவீர்கள். அனோடைஸ் போன இடத்தில் புதுச் செராகோட் பிடிக்கும், பிடிப்புக்குக் குறைவில்லை. ஆனால் பின் துளைகளிலும் டேக்டவுன் லக்குகளிலும் (ரிசீவரின் இரு பாதிகளை இணைக்கும் காதுகள்) பூச்சு தேயும்போது அடியில் இருந்த கடினப் படலம் இருக்காது, மென்மையான அலுமினியம் நேரே உரசும்.

அதனால் ரிசீவருக்கு என் வழி: முழுக்கக் கழற்ற வேண்டாம். உரிந்த இடத்தைச் சுற்றிப் பிடிப்பில்லாத பூச்சை மட்டும் எடுங்கள். ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள், எங்கெல்லாம் கழன்று வருகிறதோ அதுதான் எல்லை. மீதி இடங்களில் 100 கிரிட், 30–40 பிஎஸ்ஐயில் மங்கலாக்கினால் போதும். துளைக்குள்ளும் லக்குகளிலும் அடைப்பு வைத்துவிடுங்கள். உரிதல் பரவிக்கொண்டே போனால் மேலே அடிக்கும் யோசனையை விட்டுவிட்டு முழுதும் எடுங்கள்.

மணல்கூண்டு

உரிந்த தோலைத் தூக்கி எறிந்திடாதீங்க, அடிப்பக்கம் பாருங்க. காரணம் அதிலேயே இருக்கும்.

அடிப்பக்கம் வழவழவென்று மின்னினால் அனோடைஸ் மேல் பிளாஸ்டிங்கே செய்யாமல் அடித்திருக்கிறார்கள். பழுப்பு வளையம், எண்ணெய் மினுக்கம் இருந்தால் துளையிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. பின் துளையைச் சுற்றி மட்டும் உரிகிறது என்றால் எனக்கு இரண்டாவது மேல்தான் சந்தேகம். அடிப்பக்கத்தில் பழைய நிறம் ஒட்டியிருந்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே பிரிந்திருக்கிறது, அதாவது பழைய பூச்சை மங்கலாக்காமல் மேலே அடித்திருக்கிறார்கள்.

கருந்தகடு

எண்ணெய் எடுப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், உரிதலுக்கு நான் பார்க்கும் முதல் காரணம் இதுதான்.

அசிட்டோனில் 30 நிமிடம் ஊற வைத்துத் துலக்கி, புது அசிட்டோனில் அலசுங்கள். உலர்ந்தபின் வெறும் பாகத்தை அடுப்பில் வைத்து 150 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள். வெளியே எடுத்தால் டவ்டெயில், குழல் மரை சேரும் இடம், பின் துளை ஓரம் ஆகியவற்றில் ஈரம் மாதிரி எண்ணெய் தலைகாட்டும். கண்டால் மறுபடி அசிட்டோன், மறுபடி அடுப்பு. எதுவும் கசியாத வரைக்கும் இதைச் செய்ய வேண்டும். பழைய பாஸ்பேட் பூச்சுள்ள எஃகும் வார்ப்பு உலோகமும் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும், மூன்று முறைகூட ஆகலாம். இதெல்லாம் முடிந்தபிறகுதான் பல் போடும் பிளாஸ்டிங். பல் போட்டபின் வெறும் கை படக் கூடாது, பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை வேண்டும். வெற்று எஃகை அன்றைக்கே பூச வேண்டும். காற்றில் ஈரம் அதிகமானால் சில மணி நேரத்திலேயே மஞ்சள் துரு படியும், அதன் மேல் அடித்த பூச்சு நிற்காது.

சிலிக்கான் கலந்த துப்பாக்கித் துணி, சிலிக்கான் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். அடித்த உடனே பூச்சு சின்னச் சின்ன வட்டமாக விலகி மீன்கண் மாதிரி குழிந்தால் அது சிலிக்கான். அசிட்டோனால் கழுவி முதலிலிருந்து தொடங்குங்கள். மேலே இன்னொரு கோட்டு அடித்து மறைக்க முடியாது.

நுண்ணளவு

இடைவெளிக் கணக்கு கேட்டிருந்தீர்கள். ஒரு ஒழுங்கான கோட்டு 25 மைக்ரான் சுற்றி வரும். ஸ்லைடின் உள் பள்ளத்துக்கு இரண்டு சுவர்: 25 + 25 = 50 மைக்ரான் அகலம் குறையும். பழையதன் மேலேயே அடித்தால் பழையதையும் சேர்த்து மொத்தம் 100. ஃபிரேம் தண்டவாளத்திலும் பூச்சு இருந்தால் அதையும் கூட்டுங்கள். தளர்வான சர்வீஸ் பிஸ்டலில் இது ஓடும். கைப்பட இழைத்துப் பொருத்திய ஸ்லைடில் 50 மைக்ரானே இறுக்கிவிடும்.

எனவே ஸ்லைடில் மேலே அடிக்கும் யோசனையே வேண்டாம், கழற்றிவிட்டு அடியுங்கள். உள் தண்டவாளப் பள்ளத்தை மறைத்துவிட்டால் கணக்கே தேவையில்லை. துருக்குப் பயந்து பள்ளத்திலும் வேண்டுமென்றால் மிக மெல்லிய ஒரே கோட்டு போதும். முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள்.

பூச்சு ஏறவே கூடாத இடங்கள்: குழல் உட்புறம், சேம்பர், பிரீச் முகம், போல்ட் லக்குகளும் அவை பூட்டும் பள்ளமும், சியர் (டிரிகர் விடுவிக்கும் கொக்கி) மற்றும் டிரிகர் உரசும் முகங்கள், கேஸ் துளை, குழல்முனை மரை. போல்ட் லக்கில் ஏறினால் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) மாறும். முதலில் இறுகும், பூச்சு தேயத் தேயத் தளரும். சியரில் ஏறினால் டிரிகர் இழுப்பு ஒவ்வொரு முறை தோட்டா சுடும்போதும் மாறலாம், அது பாதுகாப்புப் பிரச்சினை.

பிளாஸ்டிங் முடிந்தபின் ஃபயரிங் பின் குழாய், பிளஞ்சர் துளை, எக்ஸ்ட்ராக்டர் பள்ளம் ஆகியவற்றைக் காற்றால் ஊதி அல்ட்ராசோனிக்கிலும் போடுங்கள். ஒரு அலுமினாப் பரல் உள்ளே தங்கினால் அது அரம் மாதிரி வேலை செய்யும்.

ரசக்குப்பி

பாலிமர் பிடிக்கு: ரிமூவர் கூடவே கூடாது, மெத்திலீன் குளோரைடு பிளாஸ்டிக்கை இளக்கி விரிசல் விட வைக்கும். பழைய பூச்சு உறுதியாக இருக்கிறது என்று சொல்கிறீர்கள், அப்படியே விடுங்கள். 30 பிஎஸ்ஐயில் வேகமாக ஒரு முறை ஓட்டுங்கள், அல்லது சிவப்பு ஸ்காட்ச்-பிரைட்டால் மினுக்கம் போகும் வரை தேயுங்கள். பிடிப்புக்கான புள்ளி வடிவம் மழுங்காமல் இருக்கத் தேய்ப்பதே மேல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சுடுவது 66 டிகிரியில், நேரம் அந்த நிறத்தின் அட்டவணைப்படி. எஃகுத் துண்டு பதித்த பிரேமுக்கும் இந்த வெப்பம்தான், பிளாஸ்டிக்தான் எல்லை.

அடுப்பே வேண்டாமென்றால் சி-சீரீஸ் காற்றில் உலரும், ஆனால் முழுதாக இறுக ஐந்து நாள் வேண்டும். அதுவரை எண்ணெயும் கரைப்பானும் படக் கூடாது.

மணல்கூண்டு

இனி அடிக்கும் பகுதி. எச்-சீரீஸ் டப்பாவின் அடியில் செராமிக் தூள் களிமண் மாதிரி படிந்திருக்கும். குலுக்கிவிட்டுக் குச்சியால் அடியைத் தொட்டுப் பாருங்கள், கட்டி தட்டுப்பட்டால் இன்னும் குலுக்கணும். அந்தத் தூளை விட்டுவிட்டு மேலே நிற்கும் திரவத்தை மட்டும் அடித்தால் நிறமும் வராது, கடினமும் வராது.

வழக்கமான கலவை 18க்கு 1, கொள்ளளவில். 54 மி.லி. பூச்சுக்கு 3 மி.லி. ஹார்டனர், ஊசி சிரிஞ்சில் அளக்கணும். 12க்கு 1 போட்டால் மினுக்கம் கூடும், 24க்கு 1 போட்டால் மங்கும். ஸ்லைடுக்கு 18க்கு 1ல் நிற்பது நல்லது. ஒரு பிஸ்டலுக்கு 40–60 மி.லி., முழு ரைஃபிளுக்கு 100–120 மி.லி. போதும். கலந்ததை 150 மெஷ் வடிகட்டியில் வடித்து, 0.8 மி.மீ. முனையுள்ள எச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) ஸ்ப்ரே கன்னில் 20–30 பிஎஸ்ஐயில் அடியுங்கள். முதலில் மூலை, பள்ளம், துளை ஓரம், பிறகு தட்டையான பக்கங்கள். ஈரமாகப் படிய வேண்டும், வழியக் கூடாது. தொட்டால் சொரசொரவென்று இருந்தால் தூரம் அதிகம், அல்லது அழுத்தம் அதிகம்.

முகமூடி: ஆர்கானிக் ஆவி கார்ட்ரிட்ஜோடு துகள் வடிகட்டியும் வேண்டும். பாதுகாப்புத் தாளில் ஐசோசயனேட் என்று இருந்தால் வெளிக்காற்று கொடுக்கும் முகமூடி வேண்டும், ஏனென்றால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததை மூக்கு சொல்லாது.

பட்டறைமேசை

ஸ்லைடையும் ரிசீவரையும் 121 டிகிரியில் இரண்டு மணி நேரம். அடுப்பைப் போட்டதிலிருந்து கணக்கா?

உலைவாய்

இல்லை. பாகமே 121ஐத் தொட்டதிலிருந்து கணக்கு. கனமான எஃகு காற்றைவிடப் பின்தங்கியே சூடாகும், அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணும் உண்மையும் பல நேரம் வேறு. அதே கனமுள்ள ஒரு எஃகுத் துண்டில் தெர்மோகப்பிள் கட்டித் தொங்கவிட்டு அதைப் பார்த்து மணி எண்ணுங்கள். அடித்தபின் 15 நிமிடம் வெளியே நிற்கட்டும், கரைப்பான் வெளியேறிய பிறகு உள்ளே வையுங்கள். உடனே வைத்தால் குமிழி எழும். பாகத்தைக் கம்பியில் தொங்கவிடுங்கள், தட்டில் படுக்க வைத்தால் தொடும் இடம் ஒட்டும். சூட்டுச் சுருள் நேரே தெரியும் சின்ன அடுப்பில் ஒரு பக்கம் கருகும், வெளிர் நிறங்கள் மஞ்சளிக்கும், இடையே ஒரு தகடு வைத்து மறையுங்கள். சமையல் அடுப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மறைப்பு நாடாவை அடுப்புக்கு முன்பே, பூச்சு தொட்டால் ஒட்டாத பதத்தில் உரித்துவிடுங்கள். சுட்டபின் இழுத்தால் ஓரம் செதில் செதிலாகப் பிய்ந்து வரும்.

நுண்ணளவு

சுட்டு ஆறியபின் கூட்டுவதற்கு முன் மறைவான இடத்தில் அசிட்டோன் துணியால் அதே ஐம்பது தேய்ப்பு. நிறம் ஏறினால் இன்னும் ஒரு மணி நேரம் சுட்டுப் பாருங்கள். அதன்பிறகும் ஏறினால் ஹார்டனர் அளவு தவறியிருக்கிறது, அதைச் சுட்டுச் சரிசெய்ய முடியாது, கழற்றத்தான் வேண்டும். பிறகு ஸ்லைடை ஸ்பிரிங் இல்லாமல் பிரேமில் ஏற்றி, கையால் முழு நீளமும் தள்ளிப் பாருங்கள். இறுகும் இடத்தை மார்க்கரால் குறித்து, அந்த இடத்தை மட்டும் 600 கிரிட் தாளில் தேயுங்கள். கடைசியாக, வெற்றுச் சேம்பரில் சேஃப்டி, டிரிகர் ரீசெட், ஃபயரிங் பின் தடை மூன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று வரிசையாகச் சோதியுங்கள். ரைஃபிளில் போல்ட் லக்கோ குழல் மரையோ தொடப்பட்டிருந்தால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் தோட்டா ஏற்ற வேண்டும்.

பட்டறைமேசை

ரிசீவரின் உரிந்த தோலைப் பார்த்தேன். அடிப்பக்கம் பழுப்பு வளையம், துளையை ஒட்டியே. நாடா போட்டு இழுத்ததில் இன்னும் 3 மி.மீ. வந்து நின்றுவிட்டது. பின் துளையிலிருந்து வந்த எண்ணெய்தான். அப்படியானால் ரிசீவருக்கு அடுப்பு, அசிட்டோன் இரண்டு சுற்று, பிறகு 35 பிஎஸ்ஐ. ஸ்லைடை முழுக்கக் கழற்றுகிறேன், தண்டவாளப் பள்ளம் மறைப்பில் இருக்கும்.

கருந்தகடு

சரி. உரிந்த இடத்துக்கும் பழைய பூச்சுக்கும் நடுவே ஒரு படி இருக்கும், அதை 320 தாளில் சரிவாக்கிவிட்டு 35 பிஎஸ்ஐ ஓட்டுங்கள். இல்லையென்றால் அந்த வட்டம் புதுப் பூச்சின் மேலும் அப்படியே தெரியும்.

ரிசீவரின் எண் இருக்கும் பக்கத்தை முதலில் மறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.